வெள்ளம் வடிந்த பிறகு காய்ச்சலில் போன பிள்ளை யார் கணக்கில்?

2022 பாகிஸ்தான் வெள்ளத்தில் 1,700-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குழந்தைகள். செய்தியில் வந்தது அவ்வளவுதான். எனக்கு ஆறாத கோபம் அதற்கப்புறம் நடந்ததில்தான்.

சிந்து மாகாணத்தில் பல ஊர்களில் மாதக்கணக்கில் தண்ணீர் வடியவே இல்லை. மஞ்சர் ஏரி நிரம்பி வழிய, பெரிய ஊர்களைக் காப்பாற்ற அதன் கரையை வெட்டிவிட்டார்கள், அந்தத் தண்ணீர் கிராமங்களுக்குள் போனது. தேங்கினால் கொசு வராமல் இருக்குமா? உலக சுகாதார நிறுவன மதிப்பீட்டின்படி பாகிஸ்தான் முழுவதும் 2021-ல் சுமார் 5 லட்சமாக இருந்த மலேரியா நோயாளிகள் எண்ணிக்கை, 2022-ல் 26 லட்சமானது. அந்தக் காய்ச்சலில் இறந்த பிள்ளை எதுவும் அந்த 1,700-ல் இல்லை.

பாகிஸ்தானில் ஐந்து வயதுக்குட்பட்ட பத்துப் பிள்ளைகளில் நாலு பேர் வயதுக்கேற்ற வளர்த்தி இல்லாதவர்கள் என்று 2018-லேயே தேசிய ஊட்டச்சத்து ஆய்வு சொல்லிவிட்டது. ஏற்கெனவே நோஞ்சானாக இருக்கும் பிள்ளைக்கு அழுக்குத் தண்ணீரால் வயிற்றுப்போக்கு வந்தால் சாப்பாடு இறங்காது, எடை குறையும், உடம்பில் எதிர்ப்புச் சக்தி இருக்காது, அடுத்த நோய் சுலபமாகப் பிடித்துக்கொள்ளும்.

வயிற்றுப்போக்குக்கு மருந்து இல்லாமல் இல்லை. 1971-ல் வங்கதேச அகதிகள் குவிந்த மேற்கு வங்கத்துப் பங்கான் முகாமில் காலரா பரவி சலைன் தீர்ந்துபோனபோது, டாக்டர் திலீப் மகலநபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தார். சுமார் 30 சதவீதமாக இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. அவர் காலமானது 2022 அக்டோபரில், சிந்துவில் தண்ணீர் இன்னும் தேங்கிக் கிடந்த அதே நேரம்.

ஆனால் அந்த உப்பு-சர்க்கரைக் கலவையான ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டைக் கரைக்க ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் வேண்டுமே! வாய்க்கால் கரையில் கூடாரம் போட்டிருக்கும் ஒரு தாயை நினைத்துப் பாருங்கள். கையில் பாக்கெட் இருக்கிறது, மடியில் துவண்டு கிடக்கும் பிள்ளை, குடத்தில் இருப்பதோ அந்த வெள்ளத் தண்ணீர்தான். கொதிக்க வைக்கலாம் என்றால் விறகெல்லாம் ஈரம்.

பூமியைச் சூடாக்கி இப்படிப்பட்ட வெள்ளத்தைப் பெரிதாக்கும் உலகப் புகையில் பாகிஸ்தானின் பங்கு ஒரு சதவீதம்கூட இல்லை. 2023 ஜனவரியில் உலக நாடுகளும் நிதி அமைப்புகளும் ஜெனிவாவில் கூடி 900 கோடி டாலருக்கு மேல் தருவதாகச் சொன்னார்கள், அதில் பெரும்பகுதி கடன். மூழ்கிய நாட்டுக்கு வட்டிக்குக் கொடுப்பதை உதவி என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அடுத்த முறை எந்த நாட்டு வெள்ளத்துக்காவது நிதி கொடுத்தால், ஆறு மாதம் கழித்து அங்கே குழாயில் நல்ல தண்ணீர் வருகிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நான் கேட்கப் போகிறேன்.