சிறுநீரகப் புற்றும் நீர்க்கட்டியும்: எந்தக் கட்டி என்று கேளுங்கள்

சிறுநீரகப் புற்றுநோயாளிகளில் நீர்க்கட்டியும் உள்ளவர்கள் கூடுதல் காலம் வாழ்கிறார்கள் என்று சிலர் சொல்லக் கேட்கிறோம். அதை முழுப் பொய் என்று தள்ளிவிட முடியாது என்றாலும், அந்த ஒற்றை வரியை நம்பி நிம்மதி அடைவது சரியல்ல என்பதே என் கருத்து. ஏனெனில் நீர்க்கட்டி என்று நாம் பொதுவாகச் சொல்வதற்குள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல நிலைகள் அடங்கியிருக்கின்றன.

முதலாவது, புற்றே நீர்க்கட்டியின் வடிவில் வளர்வது. காண்ட்ராஸ்ட் மருந்து ஏற்றி எடுக்கும் சி.டி. ஸ்கேனில், சாதாரண நீர்க்கட்டி மெல்லிய சுவரோடும் தெளிந்த நீரோடும், மருந்து ஏறிய பின்னும் மாற்றமின்றி அப்படியே தெரியும். சுவர் தடித்து, உள்ளே தடுப்புகள் எழுந்து, அவை மருந்தை வாங்கி வெளுத்துத் தெரிந்தால்தான் சந்தேகம் வரும். நியூயார்க்கைச் சேர்ந்த ரேடியாலஜிஸ்ட் மார்ட்டன் பாஸ்னியாக் 1986-இல் இந்த அடையாளங்களைக் கொண்டுதான் கட்டிகளை வகைப்படுத்தினார். அவருடைய மூன்றாம் வகையில் ஏறக்குறைய பாதியும், நான்காம் வகையில் பத்துக்கு ஒன்பதும் புற்றாக அமைகின்றன. ஆயினும் இப்படி நீர் கோத்து வளரும் புற்று, அதே அளவுள்ள திடக்கட்டியைவிடப் பெரும்பாலும் மெதுவாகவே வளர்கிறது, அரிதாகவே பரவுகிறது. பல அறைகள் கொண்ட ஒரு வகை, அகற்றிய பின் திரும்ப வருவதாகவோ பரவுவதாகவோ காணப்படாததால், உலக சுகாதார நிறுவனம் 2016-இல் அதைப் புற்று என்று அழைப்பதையே கைவிட்டது. ஆயுள் கூடுகிறது என்ற பேச்சுக்கு உண்மையான ஆதாரம் இங்கேதான் இருக்கிறது.

புற்று ஓரிடத்தில் இருக்க, சாதாரண நீர்க்கட்டி வேறோர் இடத்தில் இருப்பது முற்றிலும் வேறு கதை. ஐம்பதைத் தாண்டியவர்களில் பலருக்கும் இத்தகைய கட்டி உண்டு. அது புற்றைத் தடுப்பதுமில்லை, வளர்ப்பதுமில்லை. ஆனால் கட்டி இருக்கிறது என்று தெரிந்தவர் அடிக்கடி ஸ்கேன் எடுத்துக்கொள்கிறார், அதனால் புற்று சிறிதாக இருக்கும்போதே அகப்பட்டுவிடுகிறது. சிறுநீரகத்தைத் தாண்டாத நிலையில் கண்டறியப்பட்டவர்களில் ஐந்தாண்டு உயிர்வாழ்வு அமெரிக்கக் கணக்கில் 90 சதவீதத்துக்கு மேல். தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் பரவிய பின் 20 சதவீதத்தையும் எட்டுவதில்லை. ஆகவே கட்டிக்குக் கிடைக்கும் பெருமையில் ஒரு பகுதி ஸ்கேனுக்கே உரியது. முன்கூட்டியே கண்டுபிடித்தால், ஆயுள் நீளாவிட்டாலும், நோயோடு வாழ்ந்த ஆண்டுகள் கணக்கில் கூடித் தெரியும் என்பதையும் மறக்கக் கூடாது.

பல ஆண்டுகளாக டயாலிசிஸில் இருப்பவர்களுக்குத் தோன்றும் நீர்க்கட்டிகளை இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது. அவர்களுக்குப் புற்று வரும் வாய்ப்பே மற்றவர்களைவிட அதிகம். அது சீக்கிரம் அகப்பட்டாலும், அவர்களில் பலருடைய ஆயுளை முடிவு செய்வது இதய நோயாக இருக்கிறது. வான் ஹிப்பல்–லிண்டாவ் என்ற பரம்பரை நோயிலோ, நீர்க்கட்டிகளோடு புற்றும் இரண்டு சிறுநீரகங்களிலும் திரும்பத் திரும்ப முளைக்கும். அதனால்தான் அங்கே திடக்கட்டி 3 செ.மீ. ஆகும்வரை கண்காணித்து, பிறகு கட்டியை மட்டும் எடுத்துச் சிறுநீரகத்தைக் காப்பாற்றப் பார்க்கிறார்கள்.

இத்தனை வேறுபாடு இருக்கையில், ரிப்போர்ட்டில் வெறுமனே ‘நீர்க்கட்டி உள்ளது’ என்று எழுதி அனுப்புவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. சாதாரணமானது என்றால் அப்படியே எழுதட்டும். சந்தேகத்துக்கு இடமிருந்தால் பாஸ்னியாக் வகையையும், அடுத்த ஸ்கேன் எப்போது என்பதையும் சேர்த்து எழுதட்டும்.