கழுத்துக் கருப்பு அழுக்கில்லை

போன வாரம் ராமநாதபுரத்தில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். சித்தி மகளுக்குத் தை மாதம் கல்யாணம். குளிக்கப் போனவள் அலமாரியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். காபித்தூள் ஸ்க்ரப், வால்நட் ஓட்டுத்தூள் ஸ்க்ரப், ஒயிட்டனிங் பாடி லோஷன், நைலான் நார், பிழிந்த எலுமிச்சை மூடி நாலைந்து. அதோடு மருந்துக்கடையில் கேட்டதும் எடுத்துக் கொடுத்த ஒரு ட்யூப். அவள் கழுத்தும் முழங்கையும் கன்றிப்போய்த் தோல் உரிந்திருந்தது. "நாப்பது நாள்தான்க்கா இருக்கு. அதுக்குள்ள இந்தக் கழுத்துக் கருப்பு போகணும்" என்றாள்.

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமை தோறும் அம்மா பீர்க்கங்காய் நாரை வைத்து என் கழுத்தைத் தேய்ப்பார். எரியும், அழுவேன். "அழுக்கு போக வேண்டாமா?" என்பார். அன்பில்தான் செய்தார். ஆனால் அது அழுக்கில்லை என்று எங்கள் இரண்டு பேருக்கும் சொல்ல அன்றைக்கு யாரும் இல்லை. அதனால்தான் இதை நீளமாகவே எழுதுகிறேன்.

நம் தோலைப் பற்றி ஒன்று தெரிந்தால் போதும், கடையில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். நிறம் தரும் மெலனினை உண்டாக்கும் செல்கள் வெள்ளைத் தோலிலும் நம் தோலிலும் கிட்டத்தட்ட ஒரே எண்ணிக்கையில்தான் இருக்கின்றன. நம்முடையவை கூடுதலாக வேலை செய்கின்றன, அவ்வளவுதான். வெயிலிலிருந்து நம்மைக் காப்பதும் அந்த வேலைதான். ஆனால் அந்தச் செல்கள் வெயிலுக்கு மட்டும் விழித்துக்கொள்வதில்லை. கொசுக்கடி, பரு, கீறல், எரிச்சல், உராய்வு என்று எது நடந்தாலும் அந்த இடம் கருக்கும். வெள்ளைத் தோலில் சிவந்து மறைகிற ஒரு காயம் நம் தோலில் மாதக்கணக்கில் கருந்தழும்பாக நிற்பது இதனால்தான். அப்படியென்றால், வெளுக்க வேண்டும் என்று எவ்வளவு முரட்டுத்தனமாகத் தேய்க்கிறோமோ அவ்வளவு கருக்கும். எலுமிச்சையைத் தேய்த்துக்கொண்டு வெயிலில் போனால் கொப்புளம்கூட வரலாம். நைலான் நாரால் வருடக்கணக்கில் தேய்ப்பவர்களுக்கு மேல் முதுகிலும் கைகளிலும், மணலில் காற்று வரைந்த வரிகள் மாதிரி ஒரு கருமை படியும். தோல் மருத்துவர்கள் அன்றாடம் பார்ப்பது அது. அதைப் போக்க இன்னும் அழுத்தித் தேய்க்கிறோம்.

கழுத்துக்கு வருகிறேன். கழுத்தின் பின்புறமும் அக்குளும் கருத்து, தொட்டால் வெல்வெட் துணி போலத் தடிப்பாக இருந்தால் அதற்கு அகாந்தோசிஸ் நைக்ரிகன்ஸ் என்று பெயர். பெரும்பாலும் உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அடையாளம். சர்க்கரை நோய் உள்ள குடும்பங்களிலும், எடை கூடியவர்களிடமும், சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ள பெண்களிடமும் அதிகம் பார்க்கலாம். எல்லாக் கழுத்துக் கருப்பும் இதுவல்ல. சங்கிலி உரசினாலும் கருக்கும். ஆனால் உடம்பு தோல் வழியாக ஒரு செய்தி சொல்லும்போது நாம் அதை ஸ்க்ரப் போட்டு அழிக்கப் பார்க்கிறோம். தயவுசெய்து, அப்படி இருக்கும் பிள்ளைகளுக்கு முதலில் ரத்தத்தில் சர்க்கரை பாருங்கள்.

அடுத்து அந்த ட்யூப். திருப்பிப் பார்த்தேன். அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு, நிறத்தைக் குறைக்கும் ஹைட்ரோகுவினோன், தோலை உரியவைக்கும் ட்ரெட்டினோயின் மூன்றும் சேர்ந்த கலவை. மருத்துவர் பார்த்து, குறிப்பிட்ட நோய்க்கு, குறிப்பிட்ட நாட்களுக்கு மட்டும் எழுதித் தர வேண்டிய மருந்து அது. போட்ட சில நாளில் வெளுக்கும், மினுமினுக்கும். அப்புறம் தோல் மெலியும், ரத்தக் குழாய் தெரியும், பரு கிளம்பும், நிறுத்தினால் எரியும். படர்தாமரை மேல் போட்டாலோ அடங்கினது போலக் காட்டிவிட்டு உடம்பெல்லாம் பரவும். 2018-இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அறிவித்தது. இன்னமும் சாக்லேட் மாதிரி எடுத்துக் கொடுக்கிறார்கள் என்பதுதான் என் ஆத்திரம். பெயர் ஊர் தெரியாத சிவப்பழகு கிரீம்கள் இதைவிட மோசம். 2023-இல் கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் அப்படிப்பட்ட கிரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது செய்தியானது. காரணம் என்று சொல்லப்பட்டது பாதரசம். தயாரித்தவர் முகவரியும் உட்பொருள் பட்டியலும் இல்லாத டப்பாவைக் கையால் தொடாதீர்கள்.

1975-இல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி 2020-இல் க்ளோ அண்ட் லவ்லி ஆனது. பெயரில் சிவப்பு போய்விட்டது. கடை அலமாரியில் இன்னும் பிரைட்டனிங், ரேடியன்ஸ் என்று வேறு சொற்களில் உட்கார்ந்திருக்கிறது. உடம்புக்கு எதை வாங்கினாலும் முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் படியுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதற்காகத்தான்.

சோப்பை எடுத்துக்கொள்வோம். உறையில் டிஎஃப்எம் (TFM) என்று ஒரு எண் இருக்கும். சோப்பிலுள்ள கொழுப்புப் பொருளின் அளவு அது. 76 சதவீதமும் அதற்கு மேலும் முதல் தரம், 70 இரண்டாம் தரம், 60 மூன்றாம் தரம். எண் குறையக் குறையப் பொதுவாகத் தோல் வறண்டு இழுக்கும். ஆனால் முதல் தர சோப்பும் காரத்தன்மை உள்ளதுதான். நம் தோலோ லேசான அமிலத்தன்மை கொண்டது. போதாததற்கு ராமநாதபுரம் போன்ற ஊர்களின் உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் திரிந்து, பிசுக்காகத் தோலில் ஒட்டும். அரிப்புக்கு அதுவே போதும். இந்த மாதிரித் தண்ணீர் உள்ளவர்களும் தோல் வறண்டவர்களும் சோப்பில்லாத பார் அல்லது மென்மையான பாடி வாஷுக்கு மாறலாம். உட்பொருள் பட்டியலின் தொடக்கத்தில் ஐசெத்தியோனேட் (isethionate) என்று முடியும் பெயர் இருந்தால் அது அந்த வகை. அதில் டிஎஃப்எம் குறைவாக இருந்தாலும் பயப்பட வேண்டாம், அந்தக் கணக்கு சோப்புக்குத்தான். பாசிப்பயறு மாவும் நல்லதே. ஆனால் நைசாக அரைத்துச் சலித்து, குழைத்துப் பூசிக் கழுவ வேண்டும். தேய்த்துத் தேய்த்து உதிர்ப்பதென்றால் அதுவும் நார்தான்.

குளித்ததும் உடம்பை ஒற்றி எடுத்துவிட்டு ஈரம் காய்வதற்குள் எதையாவது பூசுங்கள். கை காலுக்குத் தேங்காய் எண்ணெய் தாராளமாகப் போதும். முதுகில் பரு வருபவர்கள் மட்டும் அங்கே தவிர்க்கலாம். கடலோரப் புழுக்கத்துக்குக் கிளிசரின் கலந்த மெல்லிய லோஷன், மார்கழிப் பனிக்கு வாசலின் வகை. சொரசொர முழங்கைக்கும் குதிகாலுக்கும் 10 சதவீத யூரியா கிரீம். வெடிப்பு இருந்தால் எரியும், ஆறவிட்டுப் பூசுங்கள். இதெல்லாம் விலை குறைவு, பொதுவாக வாசனையும் அதிகம் இருக்காது. அரிப்பு வருகிற உடம்புக்கு வாசனை குறைவாக இருப்பதே நல்லது. புதிதாக எதை வாங்கினாலும் முழங்கையின் உள்பக்கம் சில நாள் பூசிப் பார்த்த பிறகு மற்ற இடங்களுக்குப் போகலாம்.

சன்ஸ்கிரீன் நமக்கும் வேண்டும், முகத்துக்கும் கழுத்துக்கும் கட்டாயம். உடம்பு முழுக்கச் சரியான அளவில் பூச ஒரு தடவைக்கே சுமார் 30 மில்லி ஆகும். நம்மில் எத்தனை பேருக்குக் கட்டுப்படியாகும்? வண்டி ஓட்டுபவர்கள் முழுக்கைப் பருத்திச் சட்டை போடுங்கள். சன்ஸ்கிரீன் போல அதை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பூச வேண்டியதில்லை.

சித்தி மகள் நேற்று போன் செய்தாள். நாரையும் ஸ்க்ரப்பையும் தூக்கிப் போட்டுவிட்டாளாம். அந்த ட்யூபைப் பல நாளாகப் போட்டிருப்பதால், எப்படி நிறுத்துவது என்று கேட்கத் தோல் மருத்துவரிடம் நாளைக்குப் போகிறாள். வெறும் வயிற்றில் ரத்தப் பரிசோதனை செவ்வாய்க்கிழமை காலை. சித்தியையும் கூடவே பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன், அவர் கழுத்தும் அப்படித்தான் இருக்கிறது.