வரி கட்டினால் கடமை முடிந்ததா?

ஊழியர் பயிற்சியைப் பற்றிய கட்டுரை ஒன்றைப் படித்தேன். நிறுவனங்கள் அதற்குச் சம்பளச் செலவில் 2 சதவீதம் ஒதுக்கினால் போதும் என்று கட்டுரையாளர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. நான் டர்பனில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். தென்னாப்பிரிக்காவில் ஆண்டுச் சம்பளத் தொகை 5 லட்சம் ராண்டைத் தாண்டும் நிறுவனம், அதில் 1 சதவீதத்தைத் திறன் மேம்பாட்டு வரியாகக் கட்டியாக வேண்டும். 1999ஆம் ஆண்டுச் சட்டம் இது. பயிற்சித் திட்டமும் அறிக்கையும் ஒழுங்காகக் கொடுத்தால், கட்டியதில் 20 சதவீதம் திரும்பக் கிடைக்கும். 2013க்கு முன்பு 50 சதவீதமாக இருந்தது.

வரியைக் கட்டிவிட்டு அத்தோடு கைகழுவுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பணத்தைவிட நேரம்தான் பெரிய தட்டுப்பாடு. ஷிப்டு முடிந்து சாட்ஸ்வொர்த்துக்கும் உம்லாசிக்கும் வண்டி பிடிக்க ஓடுகிறவர்களை மாலை வகுப்பில் உட்காரச் சொன்னால் மண்டையில் என்ன ஏறும்? வேலை நேரத்திலேயே, சம்பளத்தோடு, வாரம் 2 மணி நேரம் கொடுங்கள். இங்கே சாதாரண வேலை நேரத்துக்குச் சட்டம் வைத்த உச்சவரம்பு வாரம் 45 மணி. அப்படிப் பார்த்தால் அந்த 2 மணி நேரத்துக்கான சம்பளமே 4 சதவீதத்தைத் தாண்டிவிடும். என் கணக்கில் அதுதான் குறைந்தபட்சம்.

அப்புறம், பயிற்சி யாருக்கு? மேலாளர்களுக்கு ஓட்டலில் கருத்தரங்கு நடக்கிறது. மெஷின் ஓட்டும் பெண்ணுக்கு ஒன்றும் கிடையாது. படிக்க வைத்தால் வேறு கம்பெனிக்குப் போய்விடுவார் என்கிறார்கள். சரி, சிலர் போகத்தான் செய்வார்கள். வேலையில்லாதவர்கள் 30 சதவீதத்துக்கும் மேல் இருக்கிற நாட்டில் அதை நஷ்டம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஷிப்டுத் தொழிலாளர்களின் பயிற்சி நேரத்தைப் பற்றியும் கட்டுரையாளர் எழுத வேண்டும்.