கிலோ 500, கடல் இலவசம்

(மதுரை செல்லூர். சித்திரைத் திருவிழா முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி. தெருமுனையில் மீன் கூடையோடு ஜெபமாலை. பிறந்த ஊர் ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடம், வாக்கப்பட்டது மதுரையில். எதிரே பாண்டியன், ரிடையர் ஆன குமாஸ்தா. இவர் முதலில் சொன்ன விலைக்கு எதையாவது வாங்கியதாகத் தெருவில் யாருக்கும் ஞாபகம் இல்லை.)

பாண்டியன்: என்ன தங்கச்சி, விளமீன் எப்படி?

ஜெபமாலை: கிலோ 500 அண்ணே.

பாண்டியன்: நான் மீனைத்தான் கேட்டேன். படகோடு சேர்த்துச் சொல்கிறாயோ?

ஜெபமாலை: படகுக்கென்ன, விசைப்படகு அத்தனையும் கரையில் சும்மாதான் கட்டிக் கிடக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். 61 நாள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் முட்டை போடும் காலம்.

பாண்டியன்: 61 நாள்தானா? என் மகளுக்கு ஆபீசில் 26 வாரம் பிரசவ லீவு கொடுத்தார்களே.

ஜெபமாலை: மீனுக்கும் 26 வாரம் கொடுத்தால் கிலோ 1500 அண்ணே. எழுதிப் போடட்டுமா?

பாண்டியன்: வேண்டாம், வேண்டாம். ஆமாம், கடலுக்குப் போகக் கூடாது என்றால் இந்த மீன் நடந்தா வந்தது?

ஜெபமாலை: தடை விசைப்படகுக்குத்தான். இது நாட்டுப்படகில் போய்ப் பிடித்தது. நேற்றுக் கரைக்கு வந்தது, ராத்திரி ஐஸ் பெட்டியில் வேன் ஏறியது. செவுளைத் தூக்கிப் பாருங்க, எப்படிச் செக்கச்செவேல் என்று இருக்கிறது!

பாண்டியன்: குங்குமம் தடவியிருந்தால்?

ஜெபமாலை: குங்குமத்தோடு 600.

பாண்டியன்: சரி சரி. ஜூன் 15 ஆனால் விலை இறங்கிவிடும். நான் பொறுப்பேன்.

ஜெபமாலை: அப்புறமும் எல்லா நாளும் இறங்காது. எங்கள் பக்கம் திங்கள், புதன், சனி விசைப்படகு போகும். மற்ற நாள் நாட்டுப்படகு. ஒன்றாகப் போனால் விசைப்படகின் இழுவலையில் சிக்கி நாட்டுப்படகுக்காரன் வலை நாராகிவிடும்.

பாண்டியன்: இதையெல்லாம் எனக்குச் சொல்கிறாயே! ராமேஸ்வரத்தில் 22 தீர்த்தத்திலும் குளித்தவன் நான்.

ஜெபமாலை: அதைத்தான் சொல்கிறேன். சுற்றிலும் கடல் கிடக்கிறது, மதுரைக்காரர்கள் வந்து கிணற்றைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறீங்க.

பாண்டியன்: கடலிலும் குளித்தேன். அக்னி தீர்த்தத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டு மூன்று முங்கு.

ஜெபமாலை: எந்தக் கடலில்?

பாண்டியன்: எந்தக் கடலா? அங்கே இருப்பது ஒன்றுதானே?

ஜெபமாலை: இரண்டு அண்ணே. தீவுக்கு வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. எங்களுக்கு வடகடல், தென்கடல். பெண்கடல், ஆண்கடல் என்றும் சொல்வார்கள். வடக்கே குளம் மாதிரி அமைதியாகக் கிடக்கும், அது பெண்கடல். தெற்கே அலை அடிக்கும், அது ஆண்கடல்.

பாண்டியன்: அமைதியாகக் கிடப்பது பெண்ணா? இந்தப் பெயர் வைத்தவன் எங்கள் வீட்டுப் பக்கம் வந்ததே இல்லை.

ஜெபமாலை: ஐப்பசியில் வாடைக்காற்று எழும்பட்டும், அப்போது வந்து பாருங்க. வடகடல் கரையையே பிராண்டும். ஆண்கடல் மூச்சுக் காட்டாமல் படுத்துக் கிடக்கும். வலையைத் தூக்கிக்கொண்டு ஊரே தெற்கே போய்விடும். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வந்தால் திரும்பவும் வடக்கே. எது எப்போது அடங்கும் என்பது காற்றின் கையில் இருக்கிறது.

பாண்டியன்: எங்கள் வீட்டிலும் காற்று சரியில்லை. மீன் இல்லாமல் திரும்பினால் வாடைதான். 300 ரூபாய் வைத்துக்கொள், ஒரு கிலோ போடு.

ஜெபமாலை: 300-க்கு அண்ணன் மீனை நன்றாகப் பார்த்துக்கொள்ளலாம்.

பாண்டியன்: இந்த வாய்க்குத்தான் எங்கள் வைகை உங்கள் கடலோடு சகவாசமே வைத்துக்கொள்வதில்லை. சிவபெருமானுக்கு ஆலகால விஷத்தைக் கொடுத்த கடலில் போய்ச் சேர மாட்டேன் என்று வழியிலேயே நின்றுவிட்ட ஆறம்மா அது! புலவர்களே பாடியிருக்கிறார்கள்.

ஜெபமாலை: கோபித்துக்கொண்டா நின்றது? தண்ணீர் இல்லாமல் நின்றது! அழகர் ஆற்றில் இறங்குவதற்கே அணையைத் திறக்க வேண்டியிருக்கிறது. மிச்சம் மீதி ராமநாதபுரம் பெரிய கண்மாயில் போய் விழும். அதுவும் நிரம்பி மறுகால் பாய்ந்தால் ஆற்றங்கரை என்கிற ஊரில் கடலில்தான் கலக்கிறது. எந்தக் கடல் தெரியுமா? எங்கள் வடகடல்.

பாண்டியன்: அப்படியானால் சிவபெருமான் விவகாரம்?

ஜெபமாலை: நாலு மழை பெய்தால் சமாதானம்தான்.

(பாண்டியன் மனம் நொந்துபோகிறார். ஆற்றைப் பற்றி மதுரைக்காரரிடம் இப்படிப் பேசக் கூடாது என்பது ஜெபமாலைக்கும் தெரியும். ஆனால் வியாபாரம் வியாபாரம்.)

பாண்டியன்: வேன் வாடகையை என் தலையில் கட்டுகிறாய். பாம்பனில் ரயில் பாலம் இருக்கிறதே, பாசஞ்சரில் கொண்டுவந்தால் என்ன?

ஜெபமாலை: 1914-ல் திறந்த பாலம் உங்களை மாதிரி ரிடையர் ஆகிவிட்டது அண்ணே. அதில் கப்பல் வந்தால் நடுவில் இரண்டு கையையும் தூக்குகிற மாதிரி பாலம் பிரியும். ஆட்கள் நின்று கம்பியைத் தள்ளிச் சுற்றுவார்கள். 2025 ஏப்ரலில் புதுப்பாலம் வந்துவிட்டது. 72.5 மீட்டர் துண்டு, தண்டவாளத்தோடு லிஃப்ட் மாதிரி நேராக மேலே போகிறது.

பாண்டியன்: கப்பல் போனதும் அது கீழே இறங்கி விடுகிறதில்லையா? உன் விலைக்கு மட்டும் ஏன் இறங்கத் தெரியவில்லை?

ஜெபமாலை: கப்பல் பணம் கட்டிவிட்டுப் போகும் அண்ணே. நின்று பேரம் பேசாது.

பாண்டியன்: எங்கள் தாத்தா காலத்தில் இப்படியா இருந்தது? எழும்பூரிலிருந்து வரும் போட் மெயிலைப் பிடித்துத் தனுஷ்கோடி, அங்கே இறங்கிக் கப்பலில் தலைமன்னார், அப்புறம் ரயிலில் கொழும்பு. எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட்!

ஜெபமாலை: தனுஷ்கோடியில் எங்கள் பாட்டி கருவாடு விற்றவர். 1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயலில் பாசஞ்சர் ரயிலையே கடல் கொண்டுபோய்விட்டது, ஊரும் போய்விட்டது. பாட்டி அன்றைக்குத் தங்கச்சிமடத்தில் தங்கை வீட்டில் இருந்ததால் பிழைத்தார்.

பாண்டியன்: அடடா…

ஜெபமாலை: வீடு போனதைக்கூட அவ்வளவு சொல்ல மாட்டார். கருவாட்டுப் பாக்கி வசூலாகாமல் போனதைத்தான் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். ஆமாம், உங்கள் தாத்தா பெயர் என்ன?

பாண்டியன்: எதற்கு?

ஜெபமாலை: பாக்கிக் கணக்கில் மதுரைக்காரர் ஒருவர் உண்டு. கொழும்புக்கு அடிக்கடி போவாராம்.

பாண்டியன்: எங்கள் தாத்தா சுத்த சைவம்!

ஜெபமாலை: பேரன் ஏன் இப்படி ஆனீங்க?

பாண்டியன்: பேச்சை மாற்றாதே. இப்போது கொழும்புக்குப் போக என் மகன் பாஸ்போர்ட், விசா என்று அலைகிறான்.

ஜெபமாலை: நான் பாஸ்போர்ட்டே இல்லாமல் வெளிநாடு போனவள். கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கு. 1974 ஒப்பந்தத்தில் தீவு இலங்கைக்குப் போய்விட்டது, ஆனாலும் திருவிழாவுக்கு இரண்டு பக்கத்து ஜனமும் கூடும். அவர்கள் சோப்பும் தேங்காய் எண்ணெயும் கொண்டுவருவார்கள். இரண்டு நாளில் உறவுக்காரர்கள் ஆகிவிடுவோம். எங்கள் ஊரில் ஜூலை மாதம் சந்தியாகப்பர் திருவிழாவும் அப்படித்தான். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் எல்லாரும் வந்து நிற்பார்கள்.

பாண்டியன்: தீவில் பேரம் உண்டா?

ஜெபமாலை: நான் போன வருஷம் இல்லை. மதுரைக்காரர் யாரும் படகு ஏறவில்லை.

பாண்டியன்: போதும் தாயே. எனக்கு மீனும் வேண்டாம், கடலும் வேண்டாம். சாயங்காலம் ஒரு ஜிகர்தண்டா குடித்து மனதை ஆற்றிக்கொள்கிறேன். அது எங்கள் மதுரைச் சரக்கு, அதில் உன் ஊருக்குப் பங்கு கிடையாது.

ஜெபமாலை: அதில் வழுவழு என்று தொண்டையில் இறங்குமே, கடல்பாசி. அது என்ன, மாசி வீதியிலா முளைக்கிறது?

பாண்டியன்: ஏதோ பொடி என்று நினைத்தேன்.

ஜெபமாலை: எங்கள் சித்தி பாசி எடுக்கிறவர். பத்து விரலிலும் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு முங்குவார். பாறையில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்துப் பிய்த்துப் பையில் போடுவார். துணியைத் தாண்டியும் பாறை கீறும், கீறிய இடத்தில் உப்பு ஏறும். கரைக்கு வந்து காயவைத்து விற்றால், அதைக் காய்ச்சி அகர் எடுக்கிறார்கள், உங்கள் ஜிகர்தண்டாவில் வழுவழு என்று இறங்குவது அதுதான். அந்த ஆலைகூட மதுரைப் பக்கமே இருக்கிறது.

பாண்டியன்: பாலாவது எங்களுடையதா?

ஜெபமாலை: பால் உங்களுடையதுதான். வைத்துக்கொள்ளுங்க.

பாண்டியன்: இதோ முடிவாகச் சொல்கிறேன். எதிர்க்கடையில் கோழி வாங்கப் போகிறேன். அது நாமக்கல்லிலிருந்து வருகிறது. அங்கே வடகடலும் இல்லை, தென்கடலும் இல்லை.

ஜெபமாலை: தாராளமாக வாங்குங்க. இழுவலையில் பொடி மீன் நிறைய விழும், சங்காயம் என்போம். மனுஷன் தின்ன ஆகாது. காயவைத்து அரைத்து எங்கே அனுப்புவார்கள் தெரியுமா?

பாண்டியன்: வேண்டாம், சொல்லாதே.

ஜெபமாலை: கோழித் தீவனத்துக்கு.

பாண்டியன்: (யோசித்து) இழுவலை விசைப்படகில்தானே?

ஜெபமாலை: ஆமாம்.

பாண்டியன்: விசைப்படகு இப்போது கட்டிக் கிடக்கிறது. அப்படியானால் சங்காயம் இல்லை. சங்காயம் இல்லையென்றால் தீவனம்… தீவனம் இல்லையென்றால் கோழி விலை…

ஜெபமாலை: கடை எதிரே தான் இருக்கிறது. போய்க் கேட்டுவிட்டு வாங்க, நான் மீனைப் பிடித்து வைத்திருக்கிறேன்.

பாண்டியன்: (கோழிக்கடைப் பலகையை எட்டிப் பார்த்துவிட்டு) அரைக்கிலோ போடு. தலையைத் தூக்கி எறிந்துவிடாதே, குழம்புக்கு ஆகும்.

ஜெபமாலை: போட்டாச்சு. 250. வெட்டித் தர 20 ரூபாய் தனி.

பாண்டியன்: அதற்கு எந்தக் காற்று காரணம்?

ஜெபமாலை: அதற்குக் காரணம் அரிவாள்மனை அண்ணே. சில்லறையாகக் கொடுங்க.