மதுரைக்காரனுக்குக் கடல் எதற்கு என்று கேட்டவருக்கு

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் மூன்று நாள் பொறுத்தேன். முடியவில்லை. "வைகையிலே தண்ணியைக் காணோம், கடலுக்கு அடியிலே படம் வரையக் காசைக் கொட்டுறாங்க" என்று, கடலடியை அளந்து வரைபடம் போடும் திட்டத்தைக் கிண்டலடித்து ஒரு பேச்சாளர் சொன்னதும் மண்டபமே கைதட்டியது. நான் பதில் சொல்ல எழுந்தபோது, "மதுரைக்காரனுக்குக் கடல் எதுக்குண்ணே?" என்று பின்வரிசையில் ஒரு குரல். ஒரே சிரிப்பு. வீடியோவைத்தான் எல்லோரும் பார்த்துவிட்டீர்களே.

சரி, அன்று சொல்ல வந்ததை இங்கே சொல்கிறேன். கடலடி எப்படி இருக்கிறது என்று தெரியாமல் கடலில் எதையும் உருப்படியாகச் செய்ய முடியாது. துறைமுகம், கேபிள், கடல் காற்றாலை, மீன்பிடிப்பு எல்லாம் அதற்கு அப்புறம்தான். 2004 சுனாமியை மறந்துவிட்டோமா? அலை எந்த ஊருக்குள் எவ்வளவு தூரம் புகும் என்று முன்கூட்டிக் கணக்குப் போட, கரையோரக் கடலடியின் ஆழமும் சரிவும் தெரிய வேண்டும். உலகக் கடலடியில் இன்றைய கருவிகளால் அளந்தது கால்வாசியைக் கொஞ்சம் தாண்டித்தான். மிச்சமெல்லாம் பெரும்பாலும் செயற்கைக்கோளை வைத்துப் போட்ட உத்தேசக் கணக்கு.

கப்பலின் அடியிலிருந்து விசிறிபோல ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தை வைத்து ஆழத்தை அளக்கிறார்கள். ஆழம் குறையக் குறைய விசிறியும் குறுகிவிடும். பாக் நீரிணை மாதிரி இடத்தில் ஏர் ஓட்டுவதுபோல் போய்ப் போய் வர வேண்டும். செலவாகத்தான் செய்யும்.

என் அப்பா கரிமேட்டில் மீன்கடை வைத்திருந்தவர். எட்டாவது படிக்கும்போது காலாண்டு லீவில், அவருக்குச் சரக்கு அனுப்பும் பாம்பன் மாமா என்னை நாட்டுப்படகில் கூட்டிப்போனார். ஈயக்குண்டைக் கயிற்றில் கட்டி இறக்கி, கைகளை விரித்து விரித்துப் பாகம் எண்ணினார். மேலே இழுத்ததும் குண்டில் ஒட்டியிருந்த சேற்றை விரலால் தேய்த்துப் பார்த்தார். "சேறுன்னா இறால் கிடைக்கும். பாருன்னா வலை போயிரும்." பார் என்றால் கடலடிப் பாறை. அப்படிப்பட்ட மனிதரின் வலையே பிற்பாடு ஒரு பாரில் மாட்டிக் கிழிந்தது. அந்த வருடம் அவர் மகள் கல்லூரியில் சேரவில்லை.

"அந்தக் காசில் கண்மாயைத் தூர்வாரலாமே" என்பீர்கள். வாருங்கள், நானும் மண்வெட்டியோடு வருகிறேன். அதற்காக இதை ஏன் நிறுத்த வேண்டும்?

"படம் கிடைத்தால் கம்பெனிக்காரன் தோண்டுவான், விசைப்படகு பாரையே சுரண்டிவிடும்" என்கிறார்கள். இந்தப் பயம் எனக்கும் உண்டு. ஆனால் மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிப் பவளம் எங்கே, கடல்புல் எங்கே என்று தெரியாமல் "இங்கே வராதே" என்று எப்படிக் கோடு போடுவது? அயர்லாந்து 2006 முதல் இன்ஃபோமார் என்ற திட்டத்தில் தன் கடலடியை அளந்து, தகவல்களை இலவசமாகவே தருகிறது. நம் கடலின் படமும் பாம்பன் மாமா கைக்கு வர வேண்டும் என்று கேளுங்கள், அளக்கவே வேண்டாம் என்று கேட்காதீர்கள்.

சேது சமுத்திரத் திட்டத்தை 2005 ஜூலையில் தொடங்கிவைத்தது இதே மதுரையில்தான். அன்றைக்கு யாரும் மதுரைக்குக் கடல் எதற்கு என்று கேட்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் என்மேல் மீன் வாடை அடிக்கிறது என்று பெஞ்ச் மாறி உட்கார்ந்தவர்கள் சிரித்த சிரிப்பும், ஞாயிற்றுக்கிழமைச் சிரிப்பும் எனக்கு ஒன்றாகத்தான் கேட்டது.

நேற்று ராத்திரி மாமா போன் செய்தார். வீடியோ அங்கேயும் போயிருக்கிறது. "மருமகனே, உன்னை முழுசாப் பேச விடலையா?" என்றார். இல்லை மாமா என்றேன்.