வாடகையில் மீன் சேர்த்தி இல்லை

(இடம்: ஊட்டி, காந்தல். ஜனவரி மாதத்துக் காலை, மணி 6.15. முற்றத்துப் புல்லில் உப்பைத் தூவியதுபோல் உறைபனி. மாடி அறையில் முரளி. சென்னை பெரம்பூரிலிருந்து மாற்றலாகி வந்து 2 மாதம் ஆகிறது. ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர், அதற்கும் மேலே போர்வை. கதவைத் தட்டுபவர் வீட்டுக்கார அக்கா சரசு. தட்டுவது மரியாதைக்கு, அதற்குள் உள்ளே வந்தாகிவிட்டது.)

சரசு: தம்பி, ராத்திரி எழுந்தேன். உன் ஜன்னலில் சிவப்பாகக் குட்டி விளக்கு ஒன்று. எரிகிறது, அணைகிறது, திரும்ப எரிகிறது. என்ன அது?

முரளி: அது வந்து... ஹீட்டர், அக்கா.

சரசு: ஹீட்டரா! அட்வான்ஸ் வாங்கும்போதே படித்துப் படித்துச் சொன்னேனே! கரண்ட் பில் என்னுடையது, ரூம் ஹீட்டர் கூடாது என்று.

முரளி: ரூமுக்கு இல்லை, அக்கா. மீனுக்கு. ரூமுக்கு எதுவும் கிடையாது. பாருங்கள், பேசினால் வாயிலிருந்து புகை வருகிறது.

சரசு: (தொட்டிக்குள் எட்டிப் பார்த்து) இந்தச் சுண்டுவிரல் அளவு மீனுக்கா ஹீட்டர்?

முரளி: ஃபைட்டர் மீன். கொளத்தூரில் வாங்கியது. பூர்வீகம் தாய்லாந்துப் பக்கம். 24லிருந்து 28 டிகிரி வரை வேண்டும். சென்னையில் தண்ணீரே அந்தச் சூட்டில்தான் கிடக்கும், ஹீட்டர் என்ற பேச்சே இல்லை. இங்கே வந்த முதல் வாரம் தண்ணீர் 17க்கு இறங்கிவிட்டது. மடக்கிய குடைபோல் துடுப்பை உடம்போடு ஒட்டிக்கொண்டு அடியில் படுத்துவிட்டது. சாப்பிடவும் இல்லை.

சரசு: நீயும் முதல் வாரம் அப்படித்தான் படுத்துக் கிடந்தாய். உனக்கு நான் ஹீட்டரா வைத்தேன்?

முரளி: அதைத்தான் நானும் சொல்கிறேன், அக்கா.

சரசு: பேச்சை மாற்றாதே. எவ்வளவு இழுக்கும்?

முரளி: 50 வாட். 20 மணி நேரம் ஓயாமல் எரிந்தால்தான் 1 யூனிட். சூடு போதுமென்றால் தானே அணைந்துவிடும். நாள் முழுக்க எரிந்தாலும் 2 மாதத்துக்கு 72 யூனிட்தான். அரசாங்கம்தான் 100 யூனிட் இலவசமாகத் தருகிறதே.

சரசு: அந்த நூறு எனக்குத் தந்தது! தாய்லாந்துக்காரனுக்கா தந்தது?

(தொட்டிக்கு அடியிலும் மூன்று பக்கமும் தெர்மாகோல். மேலே கண்ணாடி மூடி, அதன் உட்புறம் ஆவி முத்து முத்தாக நிற்கிறது. சரசு மூடியை நகர்த்தி விரலை விடுகிறார். விரலை எடுக்க மனம் வரவில்லை.)

சரசு: அடேயப்பா, வெதுவெதுப்பாக இருக்கிறதே. என்ன சூடு இது?

முரளி: 26. அறை 9.

சரசு: இத்தனூண்டு தொட்டிக்கா இவ்வளவு பாடு?

முரளி: சின்னதாக இருப்பதுதான் பிரச்சினை. 20 லிட்டர்தான் பிடிக்கும், சட்டென்று ஆறிவிடும்.

சரசு: அது சரி. டம்ளர் காப்பி ஆறிப்போகும், அண்டாத் தண்ணீர் ஆறாது. ஆமாம், மூலையில் என்ன நுரை? சோப்புப் போட்டாயா?

முரளி: ஐயோ, சோப்புப் பட்டால் செத்துவிடும். அது கூடு, அக்கா. உடம்புக்கு ஒத்துக்கொண்டால் ஆண் மீன் வாயாலேயே நுரை ஊதி வீடு கட்டும்.

சரசு: என் வீட்டுக்குள் இன்னொரு வீடா? யாரைக் கேட்டுக் கட்டுகிறது? வீடு கட்டினால் அடுத்தது குடும்பம் வரும். பேச்சிலருக்கு மட்டும்தான் வாடகை என்றேனே.

முரளி: இதுவும் பேச்சிலர்தான். பக்கத்தில் இன்னொன்றை விட்டால் அடித்துக் கிழித்துவிடும்.

சரசு: அப்படியானால் அது பேச்சிலர் இல்லை. எங்கள் தெருவில் பாதிப் பேர் அப்படித்தான்.

(பட்டென்று கரண்ட் போகிறது. சிவப்பு விளக்கு அணைகிறது. இருவரும் தொட்டியையே பார்க்கிறார்கள்.)

சரசு: எப்போது வருமோ. போனமுறை மத்தியானம்தான் வந்தது. இரு, பாய்லரில் வெந்நீர் கொதிக்கிறது. ஒரு குடம் கொண்டுவந்து ஊற்றிவிடலாம்.

முரளி: ஊற்றினால் மீன் குழம்பு ஆகிவிடும், அக்கா! திடீர்ச் சூடும் ஆகாது. பாட்டிலில் நிரப்பி, மூடி இறுக்கி, அப்படியே மிதக்கவிட வேண்டும்.

(சரசு இறங்கி ஓடுகிறார். இரண்டு மாதத்தில் அந்தப் படியில் அவர் இத்தனை வேகமாக இறங்கி முரளி பார்த்ததில்லை. திரும்பி வரும்போது கையில் வெந்நீர் பாட்டில், தோளில் கனத்த கம்பளி, இடுப்பில் செருகிய குரங்குக் குல்லாய்.)

முரளி: முதலில் ஸ்விட்சை அணைக்கிறேன். இரண்டு குவளைத் தண்ணீரை வெளியே எடுக்காவிட்டால் பாட்டில் போட்டதும் வழிந்துவிடும். எடுத்த நேரத்தில் ஹீட்டர் வெளியே தெரிந்து, கரண்டும் வந்தால் கண்ணாடி விரிசல் விட்டுவிடும்.

சரசு: சீக்கிரம், சீக்கிரம். பேசிக்கொண்டே இருந்தால் அதற்குச் சளி பிடிக்காதா?

முரளி: சளி இல்லை, உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி வரும். (பாட்டிலை மெல்ல விடுகிறார்.) கம்பளி கொடுங்கள், சுற்றிவிடலாம். மேலே கொஞ்சம் இடைவெளி விடுங்கள், இந்த மீன் மேலே வந்துதான் மூச்சு வாங்கும்.

சரசு: (சுற்றியபடி) இது என் வீட்டுக்காரருடைய கம்பளி. கோத்தகிரிக் கல்யாணத்துக்குக்கூட எவருக்கும் தந்ததில்லை.

முரளி: அந்தக் குல்லாய்?

சரசு: அது மூடிக்கு.

முரளி: நான் எனக்கென்று நினைத்தேன்.

(கால் மணி நேரம் கழிகிறது. சரசு கம்பளியை விலக்கி டார்ச் அடிக்கிறார். மீன் துடுப்பை விரித்துக்கொண்டு நுரையில் இன்னொரு முத்தை ஒட்ட வைக்கிறது.)

சரசு: கெட்டிக்காரன். மேஸ்திரி இல்லாமலே கட்டுகிறான்.

முரளி: அக்கா, பாய்லரில் வெந்நீர் மிச்சம் இருக்குமா? ஒரு பக்கெட் கிடைத்தால் குளித்துவிட்டு ஆபீஸ் போவேன்.

சரசு: மணி என்ன?

முரளி: 7.04.

சரசு: 7 மணிக்கு மேல் வெந்நீர் கிடையாது. அட்வான்ஸ் வாங்கும்போதே சொன்னேனே. (வாசல்வரை போய்த் திரும்பி) அந்தப் பாட்டில் ஆறினால் குரல் கொடு. மாற்றித் தருகிறேன்.