அண்ணன் ஏன் எழுதிப் பதில் போடமாட்டார்

வாட்சப்பில் எதை எழுதி அனுப்பினாலும் எங்கள் அண்ணனிடமிருந்து குரல்பதிவுதான் வரும். "ரெண்டு வரி எழுதக்கூட முடியாதா, அவ்வளவு திமிரா" என்று வீட்டில் பேசியிருக்கிறோம். நானும் பேசியிருக்கிறேன்.

போன மாதம் அவர் மகளைச் சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்குப் பரிசோதனைக்குக் கூட்டிப் போனோம். ஆண்டு 2 படிக்கிறாள். குடும்பத்தில் வேறு யாருக்காவது வாசிக்கச் சிரமம் உண்டா என்று டாக்டர் கேட்டார். அண்ணன் கொஞ்ச நேரம் தரையையே பார்த்தார். பிறகு, "எனக்கு" என்றார். 46 வயதில் முதல் தடவையாக.

தோட்டத்து லயத்தில் அவருக்கு விழுந்த பேர் மக்கு. கரும்பலகையைப் பார்த்து எழுதி முடிக்கப் பிந்தினால் முட்டி போடணும். படிவம் 3-இல் நின்று செம்பனைக் குலை வெட்டப் போய்விட்டார். மகளுக்கு இருப்பதைப் போலவே அவருக்கு இருந்ததும் டிஸ்லெக்சியா என்கிற வாசிப்புச் சிரமமாகத்தான் இருக்கும் என்று இப்போதுதான் எங்களுக்கு உறைக்கிறது. இது குடும்பத்தில் தொடர்ந்து வரக்கூடியது. கண் கோளாறு இல்லை, சோம்பலும் இல்லை. சொல்லில் உள்ள ஒலிகளைப் பிரித்து எழுத்தோடு பொருத்துவதில் மூளை சிரமப்படுகிறது, அவ்வளவுதான். 1896-லேயே பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர் இப்படிப்பட்ட 14 வயதுப் பையனைப் பற்றி எழுதியிருக்கிறார். பாடமெல்லாம் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்றாராம் அவன் ஆசிரியர்.

எங்கள் பிள்ளை 'கொடி' என்பதைக் 'கெடி' என்று எழுதுவாள். யோசித்துப் பாருங்கள், 'கொ' என்று சொல்லும்போது முதலில் வருவது 'க்' ஓசை. எழுதும்போதோ கொம்பு முன்னால், கால் பின்னால். இதற்கு நடுவில் ஆண்டு 1-லிருந்தே மலாயும் ஆங்கிலமும். 'b', 'd' இரண்டும் அவளுக்கு ஒன்றுதான். பத்துத் தடவை எழுது என்று தண்டனை கொடுத்து என்ன பயன்? தப்பையே பத்துத் தடவை எழுதுவாள். இப்போது தட்டில் அரிசி மாவைப் பரப்பி, ஓசையைச் சொல்லிக்கொண்டே விரலால் எழுத வைக்கிறோம். தினமும் 15 நிமிடம். வகுப்பு முன்னால் நிறுத்தி வாசிக்கச் சொல்ல வேண்டாம் என்று ஆசிரியையிடம் கேட்டுக்கொண்டோம், சரி என்றார்.

"கவலைப்படாதீங்க, பெரிய மேதையா வருவா" என்று சிலர் ஆறுதல் சொல்கிறார்கள். அவள் மேதையாக வேண்டாம். வாசிக்கத் தெரிந்தால் போதும்.

அப்புறம் மலேசியாவில் மாற்றுத்திறனாளிகளுக்குக் கொடுக்கும் அந்த ஓகேயு கார்டு. "பொம்பளப் பிள்ளை, நாளைக்குக் கல்யாணம் காட்சின்னு வந்தா?" என்கிறார்கள் சொந்தக்காரர்கள். அண்ணனே விண்ணப்பிக்கச் சொல்லிவிட்டார். மக்கு என்ற பேரை முப்பது வருடம் சுமந்தவருக்கு இந்தக் கார்டு பாரமாகத் தெரியவில்லை. நாளைக்குப் படிவம் 5-இல் எஸ்பிஎம் தேர்வு எழுதும்போது கூடுதல் நேரம் கேட்கவும் வழியிருக்கிறது.

டாக்டர் உறுதிப்படுத்திய பாரத்தைச் சமூக நல இலாகாவில் கொடுக்க வேண்டும். எங்கள் ஊர்ப் பக்கம் யாருக்காவது அதை நிரப்பத் துணை வேண்டுமென்றால் உள்பெட்டிக்கு வாருங்கள். எழுதச் சிரமமாக இருந்தால் பேசி அனுப்புங்கள்.